பேழை 318-க்கு எண் இல்லை

நாள் 203. கப்பல் நேரம் 08:10

கப்பல் பொருநை. பூமியிலிருந்து செவ்வாய்க்கு. விழித்திருப்பவர் ஒருவர்: தர்மசீலன், வயது ஐம்பத்தேழு, பதிவேட்டுப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. நீர் மறுசுழற்சி சரி. காப்பி சரியில்லை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் முன்பு அடித்த சூரியப் புயலில் மின்தகடுகள் பாதி கருகிவிட்டன. பயணிகள் பதிவேடும் அழிந்தது. கப்பலில் எழுநூறு உறைபேழைகள் உள்ளன. அறுநூற்று நாற்பதில் ஆட்கள் தூங்குகிறார்கள், ஐம்பத்தொன்பதில் விதைநெல்லும் மோட்டார் உதிரிகளும் தூங்குகின்றன, என்னுடையது காலி. எது ஆள், எது நெல் என்று கப்பல் கணினிக்கு ஒரே ஒரு வழியில்தான் தெரியும். பன்னிரண்டு இலக்க அடையாள எண் ஒட்டியிருந்தால் ஆள். ஒட்டாவிட்டால் சரக்கு. பதிவேடு போனதால் இப்போது எழுநூறும் சரக்கு.

நாள் 211, மாலை 18:00 மணிக்குச் சரக்குகளுக்கான மின்சாரத்தைக் கணினி நிறுத்திவிடும். மின்கலம் அதுவரைதான் தாங்கும். ஆட்களுக்கு மட்டும் என்றால் செவ்வாய் வரை தாங்கும். அதற்குள் ஒவ்வொரு பேழைக்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். இருபத்தாறு வருடம் பதிவேட்டு அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் செவ்வாய் இறங்குதளத்தார் என் எண்ணை அனுப்பி என்னை எழுப்பியிருக்கிறார்கள்.

எண்கள் எங்கே கிடைக்கும்? பயணத்துக்கு முன்பு இந்த மகாஜனங்கள் கப்பல் நிறுவனத்துக்கு எழுதித் தள்ளிய படிவங்கள், மனுக்கள், புகார்கள், கெஞ்சல்கள் எல்லாம் எழுத்துரையாகச் சேமிப்பில் உள்ளன. நாற்பத்தோராயிரம் பக்கம். அதிலிருந்து எண்களைப் பொறுக்க ஒரு நிரல் எழுத வேண்டும். அரை நாள் வேலை.

என் மனைவி மங்கையர்க்கரசி பேழை 318-இல் இருக்கிறாள். அவளைப் பற்றிக் கவலை இல்லை. அவள் படிவத்தை நிரப்பியவன் நான்.

நாள் 203. 15:30

நிரல் தயார். அறுபத்திரண்டு வரி. தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன், நான் எழுதியதிலேயே அழகானது இதுதான். பன்னிரண்டு இலக்கங்கள் வரிசையாகவோ நான்கு நான்காகப் பிரித்தோ இருந்தால் எடுத்துக்கொள்ளும். கடைசி இலக்கம் மற்றப் பதினொன்றோடு கணக்கில் பொருந்துகிறதா என்று பார்க்கும். அந்த எண் பதிவேட்டில் உண்டா என்று செவ்வாய் இறங்குதளத்தைக் கேட்கும். அங்கிருந்து உண்டு, இல்லை என்று மட்டும் பதில் வரும். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். அது இரகசியம்.

நான் வைத்த விதிகள் மூன்று. படிவத்தில் எண் இருந்தால் அதே ஆளின் கடிதத்தில் உள்ள எண்ணை இறங்குதளத்துக்குக்கூட அனுப்பாமல் ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் மனிதர்கள் எதையும் எழுதுவார்கள். ஓர் எண் ஒருவருக்குத்தான். இரண்டாவது முறை வந்தால் நீக்கிவிட வேண்டும். மூன்றாவது, நிரல் கண்டுகொண்ட எண்ணை மூல எழுத்திலேயே கறுப்படித்துவிட வேண்டும், கடைசி நான்கு இலக்கம் தவிர. இது தனியுரிமைச் சட்டம். அடித்தது அடித்ததுதான், திரும்ப வராது.

நாள் 204. 10:20

முதல் இரண்டு கட்டு முடிந்தது. நிரலுக்குப் புரியாமல் ஒதுங்கிய பக்கங்களைப் பொழுதுபோகாமல் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அடையாள எண் என்ற இடத்தில் கைபேசி எண் எழுதியவர்கள் முப்பத்தேழு பேர். கேஸ் இணைப்பு எண் எழுதியவர்கள் ஒன்பது பேர். ஒரு புண்ணியவான் தன் பேருந்துப் பாஸின் எண்ணை எழுதி, அடியில் "மற்றவை நேரில்" என்று முடித்திருக்கிறார். ஒருவர் எண்ணை எண்ணாகவே எழுதவில்லை: "ரெண்டு, ஏழு, ஏழு, சைபர், அப்புறம் ரெட்டை நாலு" என்று பக்கத்தில் யாருக்கோ சொல்வதுபோல எழுதிக்கொண்டே போகிறார். பதிமூன்று இலக்கம் எழுதிய ஒருவர் அதற்குக் காரணமும் கொடுத்திருக்கிறார்: "எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது ஐயா. எட்டு எனக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஆகவே கடைசியில் ஓர் ஒன்று சேர்த்துக்கொண்டேன். தயவுசெய்து இதையே பதியவும்."

இவர்கள்தான் இன்னொரு கிரகத்தில் போய் நாகரிகம் வளர்க்கப் போகிறவர்கள். நிரல் இவர்களைச் சீண்டவில்லை. கறுப்புக்கூட அடிக்காமல் அப்படியே கடந்து போய்விட்டது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

நாள் 205. 11:00

ஐந்து கட்டு முடிந்தது. இறங்குதளக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவள் பூங்கோதை என்ற பெண். அங்கேயே பிறந்தவள். தாய் தகப்பன் கோபிசெட்டிப்பாளையத்துக்காரர்கள் போலிருக்கிறது. பேச்சு இன்னும் அந்தப் பக்கத்து வாசம் மாறவில்லை. இன்று அவள் அனுப்பியது:

"சாருங்க, எண்ணெல்லாம் வந்துட்டே இருக்குதுங்க. நல்லா வேகமா போகுது. ஒரே ஒரு ரோசனைங்க. பேழைப் பக்கம் ஒருக்கா நேர்ல போய்ப் பாத்து, ஆளு இருக்கற பேழை எத்தனைன்னு ஒரு கணக்கு எடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

நான் பதில் அனுப்பினேன்: "பேழைக் கூடத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. எண்களை வைத்து வேலை செய்யும்போது எட்டிப் பார்த்து எண்ணுவது சந்தைக்கடைப் பழக்கம்."

நாள் 206. 17:15

முடிந்தது. நாற்பத்தோராயிரம் பக்கமும்.

படிவங்களிலிருந்து 412 எண்கள். படிவம் சிதைந்தோ தப்பாகவோ இருந்தவர்களுக்குக் கடிதங்களிலிருந்து 137. மொத்தம் 549 பேழைகளுக்கு எண் ஒட்டியாயிற்று. இரண்டாம் முறை வந்ததால் நீக்கப்பட்டவை 91. கூட்டிப் பாருங்கள், சரியாக அறுநூற்று நாற்பது.

தொண்ணூற்றொன்று போலிப் பதிவுகள்! ஆள்பிடிக்கும் ஏஜென்டுகளின் கைவரிசை இது. ஒரே எண்ணை இரண்டு படிவத்தில் போட்டு, இல்லாத ஆளுக்கும் தரகு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பேழைகளில் நெல் மூட்டைதான் இருக்கும். அறுநூற்று நாற்பது பேர் என்று நிறுவனம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது பொய். அறிக்கை அனுப்பிவிட்டு, விழித்த பிறகு முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாள் 207. 09:40

பூங்கோதையிடமிருந்து வந்தது. அப்படியே பதிகிறேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பட்டியல்ல எங்க பெரியப்பா பேரு இருக்குதுங்க. பெரியம்மா பேரு இல்லீங்க. பேழை எழுவத்தி நாலு. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறுனாங்க, வீடியோ எங்கிட்ட இருக்குது. என்னையத் தூக்கி வளத்தோணும்னு ஆசப்பட்டவங்க, இப்பத்தான் மொதல்ல பாக்கப் போறேன். ஒரே ஒருக்கா அந்தக் கண்ணாடில எட்டிப் பாத்துச் சொல்லீருங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியத்துக்காக இல்லை, வாயை அடைப்பதற்காகப் போனேன்.

நாள் 207. 10:30

பேழை 74-இல் நெல் மூட்டை இல்லை. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் இருக்கிறார். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லியும் கழற்றாமல் ஏறியிருக்கிறார்.

நாள் 207. 11:45

நீக்கிய தொண்ணூற்றொன்றில் இருபதின் படிவங்களைத் திறந்து பார்த்துவிட்டேன். ஏஜென்டு யாரும் ஏமாற்றவில்லை. நடந்தது இவ்வளவுதான்: மனைவியின் படிவத்தில் கணவன் தன் எண்ணை எழுதியிருக்கிறான். பிள்ளையின் படிவத்திலும் அதே எண். தாயாருக்கும் அதே. ரேஷன் கடையில், கேஸ் ஏஜென்சியில், பள்ளிக்கூடத்தில் எங்கே கேட்டாலும் வீட்டுத் தலைவர் எண் ஒன்றைக் கொடுத்தே பழகிய கைகள். கல்யாணப் பத்திரிகைக்குக் குடும்பத்துக்கு ஒன்று போதும் என்பதுபோல, உயிருக்கும் குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

எப்பேர்ப்பட்ட ஜென்மங்கள் இவர்கள்! கிரிக்கெட்டில் யார் எந்த வருடம் எத்தனை ரன் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கூடப் படுத்து எழுந்தவளின் பன்னிரண்டு இலக்கம் தெரியாது. தெரியாவிட்டால் திரும்பிக் கேட்க வேண்டியதுதானே? அடுப்படி பத்தடி தூரம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம். இவர்களுடைய சோம்பேறித்தனத்துக்கு அந்தப் பெண்கள் விறைத்துச் சாக வேண்டும். இந்த மாதிரி ஆம்பிளைகளை எழுப்பாமலே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

எஞ்சிய பேழைகளையும் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன். பட்டியலை அச்சடித்துக்கொண்டேன்.

நாள் 207. 14:05

பட்டியலில் ஐம்பத்தெட்டாவது வரி: பேழை 318.

நாள் 207. 14:50

நிரலில் பிழை என்று நினைத்தேன். பிழை இல்லை. அவளுடைய படிவத்தைத் திறந்து பார்த்தேன். நான் நிரப்பியதேதான், திருத்தம் இல்லை, அடித்தல் இல்லை. அடையாள எண் என்ற கட்டத்தில் என் எண்ணை எழுதியிருக்கிறேன்.

கேட்டிருக்கலாம். அவள் அப்போது அடுப்படியில்தான் இருந்தாள்.

நாள் 208. 08:30

பூங்கோதைக்கு விஷயத்தைச் சொன்னேன், 318 உட்பட. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சரிங்க சார். ஆனது ஆயிப்போச்சு. இன்னும் மூணு நாளு முழுசா இருக்குதுங்க. நீங்க அக்கட்ட இருந்து தேடுங்க, நான் இக்கட்ட சொந்தக்காரங்களப் புடிச்சுக் கேக்கறேன். முடிஞ்சுருமுங்க."

தூங்குபவர்களை எழுப்பிக் கேட்க வழியில்லை, எண் இல்லாத பேழையைக் கணினி எழுப்பாது. பேழைக்குக் கையால் எண் ஏற்றலாம். ஆனால் அது பதிவேட்டில் உள்ள எண்ணாக இருக்க வேண்டும், வேறு ஆளுக்கு ஒட்டியிருக்கக் கூடாது, பூமியிலோ செவ்வாயிலோ குடியிருப்பவர் எண்ணாகவும் இருக்கக் கூடாது. எனவே தொண்ணூற்றொன்று பேருக்கும் அவரவர் சொந்த எண் வேண்டும். ஒழுங்காகக் கடிதம் எழுதி எண்ணைக் கொடுத்திருந்தவர்களின் எண்ணை நிரல் கண்டுகொண்டது, படிவம் இருக்கிறதே என்று ஒதுக்கியது, சட்டப்படி கறுப்பும் அடித்துவிட்டது. தப்பியவை நிரலுக்குப் புரியாத பக்கங்கள் மட்டும்தான். சைபர் என்றும் ரெட்டை நாலு என்றும் எழுதியவை. நான் சிரித்தவை.

நாள் 208. 18:40

நாற்பத்தொரு பேருக்கு எண் கிடைத்தது. எல்லாம் அந்த அலங்கோலங்களிலிருந்து. பேருந்துப் பாஸ்காரரின் மனைவி தன் எண்ணைக் கோலப்புள்ளிபோல நான்கு வரிசையாக, மேலிருந்து கீழாக எழுதியிருந்தார். எட்டு ஆகாது என்றவர், வீட்டில் மற்ற நான்கு பேருக்கும் எண்ணைக் கூட்டிப் பார்த்து, நான்கையும் ஜோசியருக்குக் காட்டிய கணக்கோடு இணைத்திருந்தார். கடைசி ஒன்றை நீக்கினால் எண் ரெடி. நான்கு உயிர். ஜோசியருக்கு நன்றி என்று எழுத என் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அவளுடைய எண்ணை நினைவுபடுத்திப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம். என் முதல் மோட்டார் சைக்கிளின் எண் நினைவிருக்கிறது. அலுவலகத்தில் என் நாற்காலியின் சொத்துப் பதிவு எண்கூட நினைவிருக்கிறது.

நாள் 209. 16:20

தொண்ணூற்றொன்றில் எண்பத்து நான்கு மீட்டாயிற்று. பேழை 74 அதில் உண்டு. அதைக் கேட்டுவிட்டு பூங்கோதை மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. மீதி ஏழில் ஆறு பேரின் எண்களை அவள் உறவுக்காரர்களைப் பிடித்து வாங்கிவிட்டாள். பூமியில் ஒருவர் பழைய டைரியில், ஒருவர் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாராம்.

இன்னும் ஒன்று.

என் மைத்துனன் குமரகுருபரன் சீர்காழியில் இருக்கிறான். அவனிடமிருந்து வந்த பதிலைப் பூங்கோதை அனுப்பினாள்:

"அக்கா நம்பரா? அதெல்லாம் மச்சானுக்குத்தாங்க தெரியும். அக்காவோட பேப்பரு, சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் அவர்தான் பீரோவுல வெச்சிப் பூட்டியிருப்பாரு. அவரையே கேளுங்களேன். ஏன், எதாவது பிரச்சினைங்களா?"

பீரோவை விற்றுவிட்டுத்தான் கப்பல் ஏறினேன். உள்ளே இருந்த காகிதங்களை, இனி எதற்கு என்று எரித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாள் 210. 09:15

பூமியில் உள்ள மையப் பதிவேட்டு அலுவலகத்தின் பதில். நான் வேலை பார்த்த துறை. பூங்கோதை வாசித்தாள்:

"சார், என்னத்தச் சொல்றது போங்க. எண்ணத் தரோணும்னா எண்ணோட உரிமையாளர் நேர்ல வந்து விரல் ரேகை வெக்கோணுமாமுங்க. அவங்க உறைஞ்சு படுத்திருக்காங்கன்னு நாலு தடவ சொல்லியாச்சு. அப்படின்னா எழுந்ததுக்கப்புறம் வரச் சொல்லுங்கங்கறாங்க. அந்த விதி எழுதுன ஆளு கையில கெடைச்சா..."

அந்த விதியின் வரைவு எழுதிய மூன்று பேரில் நான் ஒருவன். அதை அவளிடம் சொல்லவில்லை.

நாற்பத்தோராயிரம் பக்கத்திலும் மங்கையர்க்கரசி என்ற பெயரைத் தேடினேன். நான் எழுதிய படிவங்கள் மட்டுமே வந்தன. ஒவ்வொன்றிலும் என் எண். அவள் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

நாள் 210. 13:30

நிரல் ஒதுக்கித் தள்ளியவற்றுக்கு ஒரு தனிக் குறிப்பேடு உண்டு. அதை இதுவரை நான் திறக்கவில்லை. குப்பைத்தொட்டியை எதற்குக் கிளறுவது என்ற எண்ணம்.

வரி 206: பேழை 318. மனுவில் ஓர் எண் கண்டறியப்பட்டது. படிவம் உள்ளதால் ஒதுக்கப்பட்டது. பக்கம் 18,406.

பெயரில் தேடியபோது ஏன் வரவில்லை என்று பார்த்தேன். தன் தகப்பனார் தலைப்பெழுத்தைப் போட்டு, சி. அரசி என்று கையெழுத்திட்டிருக்கிறாள். பயணச்சீட்டு எண்ணை வைத்து நிரல் அவளை அடையாளம் கண்டிருக்கிறது. கெட்டிக்கார நிரல். பக்கத்தை முழுவதும் இங்கே பதிகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, என் படிவத்தில் என் கணவர் அவருடைய எண்ணை எழுதியிருக்கிறார். தவறுதலாக எழுதியிருப்பார். சொன்னால் கோபப்படுவார், ஆகையால் அவரிடம் சொல்லவில்லை. என்னுடைய எண் ████ ████ 6153. என்னைத் தனி ஆளாகப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே இறங்கிய பிறகு நான் அவரோடு இருக்கப் போவதில்லை. பெண்கள் விடுதியில் ஒரு படுக்கை கிடைக்குமா என்று தெரிவிக்கவும். தையல் வேலை தெரியும், கணக்கும் எழுதுவேன். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை அவர் அலுவலகம் போனதும் நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, சி. அரசி."

பன்னிரண்டு இலக்கத்தையும் நான்கு நான்காகப் பிரித்துச் சுத்தமாக எழுதியிருக்கிறாள். நாற்பத்தோராயிரம் பக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத பக்கம் இதுதான். அதனால்தான் என் நிரல் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டு அழித்தது.

நாள் 210. 17:50

பெண்கள் விடுதி. படுக்கை. தையல்.

அவளுக்கு என்ன குறை வைத்தேன் என்று நாலு பக்கம் எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லா வரியும் நான் என்றே தொடங்கியது. அழித்துவிட்டேன்.

நாள் 211. 09:00

எட்டு இலக்கம் தெரியவில்லை. கடைசி இலக்கச் சரிபார்ப்பை வைத்துக் கழித்தாலும் ஒரு கோடி வாய்ப்புகள். மணிக்கு மூன்று முறை முயலலாம், அதற்கு மேல் பூட்டிக்கொள்ளும். அதுவும் நான் போட்ட பாதுகாப்பு. ஒன்பது மணி நேரத்தில் இருபத்தேழு முயற்சி. அவள் பிறந்த தேதி, கல்யாண நாள் என்று போட்டுப் பார்க்கிறேன். எண்ணைக் கொடுப்பவர்கள் அப்படிக் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் போடுகிறேன். என்னைப் போன்ற ஒருவன் மனுவில் இப்படிச் செய்திருந்தால் நேற்று வரை வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

நாள் 211. 13:20

இல்லை. இல்லை. இல்லை. பன்னிரண்டு தடவை இல்லை.

கூடத்துக்குப் போய் வந்தேன். 317 காலி, என்னுடைய பேழை. 318-இன் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். முன் நெற்றியில் நரை இவ்வளவு எப்போது வந்தது என்று தெரியவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன்.

அவளுக்கு எண் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. நேற்றிலிருந்தே தெரியும். எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

நாள் 211. 15:45

வழி இதுதான். ஓர் எண்ணை ஒருவரிடமிருந்து இன்னொரு பேழைக்கு மாற்றலாம். உரிமையாளர் விழித்திருந்து விரல் ரேகை வைக்க வேண்டும். என் எண்ணை 318-க்கு மாற்றினால் 318 ஆள் ஆகிவிடும். விழித்திருப்பவர் பூச்சியம் என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஆளில்லாத பணித்தளத்துக்குக் காற்று எதற்கு என்று நிறுத்திவிடும். 317-இல் போய்ப் படுத்தால் எண்ணில்லாத பேழை என்று அதையும் அணைக்கும். விண்வெளி உடையில் ஏழு மணி நேரக் காற்று. செவ்வாய் நாற்பத்தொன்பது நாள்.

இதைப் பூங்கோதையிடம் சொல்லாமல் செய்திருக்க வேண்டும். சொல்லித் தொலைத்தேன்.

"ஐயோ வேண்டாமுங்க சார்! வேண்டவே வேண்டாம். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதுங்க. எங்க மேலதிகாரி மந்திரிகிட்டயே பேசப் போயிருக்காரு. அவசரப்பட்டு எதும் பண்ணீராதீங்க. சார், கேக்குதுங்களா? உங்களயும் சேத்துத்தான் நான் எண்ணி வெச்சிருக்கறேன். அறுநூத்தி நாப்பத்தி ஒண்ணு."

அறுநூற்று நாற்பத்தொன்று. என்னைக் கூட்டிச் சொன்ன ஒரே ஆள், ஆறு நாள் முன்பு நான் சந்தைக்கடை என்று ஏசிய பெண்.

நாள் 211. 17:10

மந்திரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது. எனக்கு அந்த ஆட்களைத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன்.

பயமாக இருக்கிறது. பெரிய தியாகி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று தடவை விரலை வைக்கப் போய் எடுத்துவிட்டேன். அவள் எப்படியும் விட்டுப் போகப் போகிறவள்தானே என்று ஒரு குரல் உள்ளே சொல்கிறது. என் குரல்தான். இருபத்தாறு வருடம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவர் மனுவைத் தள்ளிவிட்ட அதே குரல். எவ்வளவு அசிங்கமான குரல்.

இதைப் படிப்பவருக்கு: 318-இல் இருப்பவள் தர்மசீலன் இல்லை. பதிவேடு அப்படித்தான் சொல்லும். நம்பாதீர்கள். அவள் பெயர் சி. அரசி. தனி ஆளாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டாள். எனக்குத் தெரிந்த வழியில் மறுபடியும் என் எண்ணைத்தான் அவள் தலையில் கட்டுகிறேன், வேறு வழி தெரியவில்லை. விழித்ததும் அவள் சொல்லும் எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நான்கு 6153. விடுதியில் படுக்கை. சன்னல் பக்கமாக இருந்தால் நல்லது. அவளுக்குச் சன்னல் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது.

நாள் 211. 17:41

விரல் வைத்தாயிற்று.

உடை மாட்டும் அறை பூட்டிக்கொண்டது. ஆளில்லாத தளத்தில் உடை எதற்கு. சரிதான். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கூடத்துக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். கதவு 4 திறக்கவில்லை. எண் கேட்கிறது. என் எண்ணைச் சொன்னேன். உரிமையாளர் பேழை 318-இல் உள்ளார் என்கிறது. உள்ளாரே, அவரைப் பார்க்கத்தானே

காற்று இன்னும் இருக்கிறது. பூங்கோதை கூப்பிடுகிறாள், அனுப்பும் வசதி போய்விட்டது, கேட்க மட்டும் முடிகிறது. சார் சார் என்று. அம்மா நீ உன் பெரியம்மாவை

கதவைத் தட்டிப் பார்க்கிறேன்

நாள் 211. 18:00. தானியங்கிப் பதிவு

பேழை 318: ஆள். பெயர் தர்மசீலன். மின்சாரம் தொடரும்.
எண் உள்ள பேழைகள்: 640. எண் இல்லாதவை: 60. மின்சாரம் நிறுத்தப்பட்டது.
பணித்தளம்: ஆள் இல்லை. காற்று நிறுத்தப்பட்டது.

18:04. கதவு 4 அருகே தட்டும் ஓசை. அடையாள எண் இல்லை. வகை: சரக்கு.

18:09. ஓசை தொடர்கிறது. சரக்கு சரியாகக் கட்டப்படவில்லை. இறங்குதளத்தில் சரிபார்க்கவும்.

18:22. ஓசை இல்லை.